இப்ப என்ன பண்றீங்க என்று கேட்டவர்

வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்கிறார்கள். பெங்களூரிலிருந்து வந்தவர்கள் கேட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து இரண்டு காரில் வந்தவர்கள் கேட்டார்கள். சென்னையிலிருந்து வந்த ஒருவர் மலைப்பாதையின் இருபது வளைவிலும் வாந்தி எடுத்து, முகம் வெளுத்துப் பஸ்ஸை விட்டு இறங்கினார். தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் அவரும் அதையேதான் கேட்டார். எல்லோரும் கறுப்புச் சட்டை போட்டிருந்தார்கள். நெஞ்சில் ஐந்து காப்பிக்கொட்டை படம். ஆட்டத்தின் சின்னமாம். அப்படி ஒரு சின்னம் இருப்பது உயிரோடு இருந்தவரை அவருக்கே தெரியாது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இறந்துபோனவர் ஏரிக்குப் பின்தெருவில் பதினாறு அறைகள் உள்ள ஒரு பழைய லாட்ஜில் மேனேஜர். ஏற்காடு பஜாரில் எல்லோருக்கும் அவர் மேனேஜர்தான். நான் மட்டும் அண்ணா என்று கூப்பிடுவேன். இந்தக் கறுப்புச் சட்டைக்காரர்களுக்கு அவர் முன்னோடி. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, வாயாலேயே ஒரு கதைக்குள் நடந்து போகிற ஆட்டம் ஒன்று இருக்கிறது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் அதற்குள் திருடனாகவோ வைத்தியராகவோ ராணியாகவோ இருப்பார்கள். வெளிநாட்டில் அது வெகுகாலமாக இருக்கிறதாம். தமிழில் அதை முதலில் ஆடிக் காட்டியவர் எங்கள் மேனேஜர் என்கிறார்கள். இருக்கலாம். நான் கரடியூர்ப் பாதையில் ஒரு எஸ்டேட்டில் ரைட்டர். இன்று யார் வேலைக்கு வந்தார்கள், யார் எத்தனை கிலோ பறித்தார்கள் என்று எழுதி வைப்பவனுக்கு உலக வரலாறு எங்கே தெரியும்?

ஆனால் அவர் சாகும்போது பக்கத்தில் இருந்தவன் நான். அதனால்தான் என்னைத் தேடி வருகிறார்கள். அன்றைக்குக் காலையில் எனக்கும் அவருக்கும் ஒரு பேச்சு நடந்தது. அதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, என் மனைவியிடம்கூட. இவர்களிடம் சொல்வதா, விழுங்கிவிடுவதா என்று மூன்று நாளாக மனசு கிடந்து அடித்துக்கொண்டது. நடுவில் அவர் எப்படிப்பட்டவர் என்ற கேள்வி வேறு.

எப்படிப்பட்டவர் என்றால், ஆள் குள்ளம். வருடம் முழுக்கத் தலையில் குரங்குக் குல்லா. மே மாதம் ஊரெல்லாம் வெளியூர்க் கூட்டம் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு அலையும்போதும் இவர் குல்லாவைக் கழற்ற மாட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லாட்ஜுக்குப் பின்னாலேயே ஒரு அறையில் இருந்தார். காலையில் ஒரு பன்னும் டீயும், அதற்கு மேல் பசி என்ற ஒன்று அவருக்கு வந்து நான் பார்த்ததில்லை. பேசத் தொடங்குவதற்கு முன் எதிரில் இருக்கிற மேசையை உள்ளங்கையால் ஒரு தரம் துடைப்பார். தூசி இருந்தாலும் துடைப்பார், இல்லாவிட்டாலும் துடைப்பார்.

அப்புறம் அந்தக் கேள்வி. அவரிடம் யார் எதற்குப் போனாலும் கடைசியில் அந்தக் கேள்வியில்தான் வந்து நிற்பார்.

ஒருநாள் காலை, ஏழாம் நம்பர் அறைக்காரர் உடம்பெல்லாம் சோப்போடு, இடுப்பில் துண்டோடு வராந்தாவில் வந்து நின்று கத்தினார். குழாயில் தண்ணீர் வரவில்லை. மேனேஜர் மேசையைத் துடைத்தார்.

"வராதுங்க. மோட்டாரு கெட்டுப்போச்சுங்க. மெக்கானிக்கு வர ஒம்பது மணி ஆகுமுங்க. சமையக்கட்டுல ரெண்டு பக்கெட்டு சுடுதண்ணி இருக்குதுங்க. மூணாம் நம்பரு ரூமு காலியா இருக்குது, அதுல தொட்டி நெறையத் தண்ணி, ஆனாப் பச்சத்தண்ணிங்க. இப்ப என்ன பண்றீங்க?"

அந்த மனிதர் சமையலறைப் பக்கம் போய் ஒரு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போனார். சண்டை போட வந்தவர் கையில் பக்கெட்டைக் கொடுத்து அனுப்புகிற வித்தை இவருக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

புத்தகத்திலிருந்து வந்திருந்தது. பெங்களூர்க் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் அறையைக் காலி செய்துவிட்டுப் போனபோது கட்டிலுக்கடியில் ஒரு இங்கிலீஷ் புத்தகத்தையும் பல முகம் வெட்டிய ஒரு பகடையையும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். விட்டுப்போன சாமானை ஒரு வருடம் பத்திரமாக வைப்பது லாட்ஜ் வழக்கம். கேட்டு யாரும் வரவில்லை. அதற்குள் பகடை எங்கோ உருண்டு தொலைந்தது. புத்தகத்தின் பின்பாதியை எலி தின்றுவிட்டது. மிஞ்சிய முன்பாதியை, ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷை வைத்துக்கொண்டு, அகராதி பார்த்து ஒரு மழைக்காலம் முழுக்கப் படித்தார். ஆட்டத்தை நடத்துகிறவர் ஆடுகிறவர்களுக்கு நிலைமையைச் சொல்ல வேண்டும், என்ன செய்கிறாய் என்று கேட்க வேண்டும், இதைச் செய் என்று மட்டும் சொல்லவே கூடாது என்று அதில் போட்டிருந்ததாம். புத்தகம் ஆட்டத்துக்குச் சொன்னதை இவர் ஆயுசுக்கே எடுத்துக்கொண்டார். அதற்கு ஏதாவது விதிவிலக்கு இருந்திருந்தால் அது எலி வயிற்றுக்குப் போயிருக்கும்.

முதல் ஆட்டம் ஒரு ஐப்பசி மழையில். நாலு நாளாகக் கரண்ட் இல்லை, லாட்ஜில் ஒரு ஈ காக்கை இல்லை. மின்சார வாரிய லைன்மேன் ஒருவர் மழைக்கு ஒதுங்கியிருந்தார். பஜாரில் தையல் கடை வைத்திருந்த ஒரு அக்கா டெலிபோன் செய்ய வந்து மாட்டிக்கொண்டது. நானும் பஸ்ஸைத் தவறவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் மேசையைத் துடைத்து ஐந்து காப்பிக்கொட்டையை வைத்தார். பகடை தொலைந்துபோனதற்கு அவர் கண்டுபிடித்த மாற்று அது. கொட்டைக்கு ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. கையில் குலுக்கிப் போட்டு, மூன்றோ அதற்கு மேலோ தட்டை மேலே பார்த்து விழுந்தால் நினைத்தது நடக்கும். இல்லாவிட்டால் நடக்காது. அவ்வளவுதான் சட்டம். இதைத்தான் இன்றைக்குச் சட்டையில் அடித்துப் போட்டிருக்கிறார்கள்.

நான் திருடன் வேடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். நாள் முழுக்க உண்மையையே எழுதுகிறவனுக்கு அப்படி ஒரு ஆசை. அரைமணி நேரத்தில் ஒரு குகைக்குள் கயிற்றைப் பிடித்து இறங்கினேன், கயிறு அறுந்தது, செத்தேன்.

"கயிறு இத்துப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்களாண்ணா?" என்று சண்டைக்குப் போனேன்.

"கயித்துல எலி கடிச்ச தடம் இருக்குதுன்னு சொன்னேனுங்களே ரைட்டரே."

சொன்னார்தான். நான் கவனிக்கவில்லை. ஆனாலும் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. எட்டாம் நாள் நானே போய் அடுத்த திருடன் பெயரை எழுதிக் கொடுத்தேன். அதிலிருந்து இருபத்தாறு வருடம், வாரத்துக்கு ஒரு நாள். மூன்று திருடனும் ஒரு பூசாரியும் எனக்குச் செத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் சாவு வருவதற்கு முன்னால் அதை அவர் சொல்லித்தான் இருந்தார்.

எதையும் மறைக்க மாட்டார். இருக்கிறதை இருக்கிறபடி எடுத்து வைப்பார், அவ்வளவுதான். லைன்மேன் ஒருமுறை ஐந்து கொட்டையில் ஒன்றை எடுத்துவிட்டு ஒரு பீபெரியைப் போட்டுவிட்டார். பீபெரி ஒற்றையாக உருண்டு விளைகிற கொட்டை, அதற்குத் தட்டைப் பக்கமே கிடையாது. அதன் நடுக்கோட்டை மேலே உருட்டிவிட்டு, தட்டைதான் என்று சாதிக்கலாம். அன்று முழுக்க அவருக்கு வெற்றி மேல் வெற்றி. டீ வேளையில் மேனேஜர் மேசையைத் துடைத்தார்.

"அஞ்சுல ஒண்ணு பீபெரிங்க. போட்டது ஆருன்னு எனக்குத் தெரியுமுங்க. மத்தவங்களுக்கு இன்னும் தெரியாதுங்க. இப்ப என்ன பண்றீங்க?"

மூன்று பேரையும் பொதுவாகப் பார்த்துத்தான் கேட்டார். லைன்மேன் எழுந்துபோய் எல்லோருக்கும் முட்டை போண்டா வாங்கிக்கொண்டு வந்தார்.

தையல் அக்கா கதையைத்தான் வெளியூர்க்காரர்கள் இந்த மூன்று நாளில் பலமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். அக்காவை அடித்துவிட்டுப் போன புருஷன் ஆறு வருடம் கழித்துச் சேலத்திலிருந்து வந்து நின்றான். குடியை விட்டுவிட்டேன், வா என்றான். அக்கா யோசனை கேட்க லாட்ஜுக்கு ஓடி வந்தது. நானும் இருந்தேன்.

"அவரு குடிய உட்டுப்போட்டேங்கறாரு. உட்டுருக்கலாம், உடாமயும் இருக்கலாமுங்க. கையி நடுங்குறதப் பாத்தேன், அது குளுருக்கும் நடுங்குமுங்க. உங்களுக்குக் கடை இருக்குது, மிசினு இருக்குது. தனியா இருக்கறதுல வெசனமும் இருக்குதுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. பஸ்ஸு நாலரைக்குங்க. இப்ப என்ன பண்றீங்க?"

நாலரை பஸ் போகிற சத்தம் கேட்டது. பிறகு அக்கா எழுந்துபோய்க் கடையைத் திறந்தது. பிறந்ததிலிருந்து எல்லோரும் இதைச் செய், அதைச் செய் என்றுதான் சொன்னார்கள், என்ன செய்யப் போகிறாய் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான் என்று அக்கா இன்றைக்கும் சொல்லும். நேற்றும் அழுதுகொண்டே சொன்னது. கறுப்புச் சட்டைக்காரர்கள் போனில் பதிவு செய்துகொண்டார்கள்.

நான் சொன்ன இன்னொரு கதையை யாரும் பதிவு செய்யவில்லை. ஒரு மழைநாள் மாலை, சின்னக் குழந்தையோடு ஒரு குடும்பம் அறையைக் காலி செய்துவிட்டு மலை இறங்கப் புறப்பட்டது. மூடுபனி கை நீட்டினால் கை தெரியாத அளவுக்கு. மேனேஜர் எல்லாம் சொன்னார். எட்டாம் வளைவில் மண் சரிந்திருப்பது, எதிரில் லாரி வருவது, அறை காலியாக இருப்பது, காலையில் பனி விலகிவிடும் என்பது. இப்ப என்ன பண்றீங்க என்று கேட்டார். அந்த ஆள் போகிறேன், இறங்கியதும் போன் செய்கிறேன் என்றார். இவர் கேட்டைத் திறந்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "கொழந்தைய வெச்சுட்டுப் போறாங்க. போவாதீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிருமுங்க?"

"நான் சொன்னா எனக்காக இருப்பாருங்க ரைட்டரே. அதுல அவரு எங்கீங்க இருக்காரு?"

சொல்லிவிட்டுப் போன் பக்கத்தில் உட்கார்ந்தார். அடிவாரத்திலிருந்து அந்த ஆள் பேசுகிற வரைக்கும் ஒன்றரை மணி நேரம் அசையவில்லை. டீ ஆறிப்போயிற்று. அவர்கள் பத்திரமாக இறங்கிவிட்டார்கள், காரில் ஒரு விளக்கு உடைந்ததோடு சரி. போனை வைத்ததும் அந்த ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார். இத்தனை பயந்தவர் ஏன் சொல்லவில்லை என்பது எனக்குப் புரியவில்லை. இன்றும் புரியவில்லை. ஆனால் வருடம் போகப் போக நானும் அவரைப் போலவே பேசக் கற்றுக்கொண்டேன். எஸ்டேட்டில் கூலி ஆட்கள் தகராறு என்று வந்தால் மேசையைத் துடைத்துவிட்டு நிலைமையைச் சொல்லி அதே கேள்வியைக் கேட்பேன். ரைட்டரும் மேனேஜர் மாதிரியே ஆயிட்டாருங்க என்று சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை.

வெளியூர் சகவாசம் எல்லாம் பிற்பாடு வந்தது. மழையில் மாட்டிக்கொண்ட ஒரு சென்னைத் தம்பதி ஆட்டத்தில் சேர்ந்து, போனில் படம் பிடித்து, ஊருக்குப் போய் நாலு பேருக்குக் காட்டினார்கள். அந்த நாலு பேர் நாற்பது பேர் ஆனார்கள். ஆட்டக் கதைகளை அவர் கையால் எழுதி வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார்கள். முதல்முறை கூட்டமாக வந்தவர்கள் அந்த இங்கிலீஷ் புத்தகத்தின் முழுப் பிரதியை ஒன்று வாங்கி வந்து காலில் வைத்துக் கொடுத்தார்கள். எலி தின்ற பாதியும் அதில் இருந்தது. அவர் வாங்கி அலமாரியில் வைத்தார். பிரிக்கவே இல்லை. ஏன் அண்ணா என்றால், "இத்தன வருசம் அது இல்லாமயே ஓடிருச்சுங்களே" என்றார்.

சரி. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இதுவரை சொன்னதெல்லாம் அதைத் தள்ளிப்போடத்தான் சொன்னேனோ என்னவோ.

ஆறு வாரத்துக்கு முன்னால். கோயம்புத்தூரிலிருந்து ஆறு பேர் ஆட வந்திருந்தார்கள். பதினொரு மணிக்கு ஆட்டம். நான் பத்தே காலுக்கு லாட்ஜுக்குப் போனேன். சமையலறைக்குப் பின்னால் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். குல்லாவைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். வழுக்கைத் தலை. இருபத்தாறு வருடத்தில் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். நெற்றியிலும் மேல் உதட்டிலும் வேர்வை. அந்தக் குளிரில் யாருக்கும் வேர்க்காது.

"என்னாச்சுங்கண்ணா?"

"ஒண்ணுமில்லீங்க. காத்தால இருந்து நெஞ்சுல ஒரு பாரமுங்க. இந்தக் கை மரத்த மாதிரி இருக்குது. பன்னு சேரலைங்க போல."

இடது கையைக் காட்டினார். எனக்குத் தெரியும். எங்கள் எஸ்டேட் மேஸ்திரி ஒருவர் இதே மாதிரி கையைத் தேய்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தவர். அது என்ன என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். கேட்டுக்கு வெளியே நான் வந்த எஸ்டேட் ஜீப் நின்றது. டிரைவர் உள்ளேயே இருந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். படிக்கட்டுக் கல்லை உள்ளங்கையால் துடைத்தேன்.

"அண்ணா, நெஞ்சு பாரமா இருக்குதுங்க. இடது கை மரக்குதுங்க. வேர்க்குதுங்க. வாசல்ல ஜீப்பு நிக்குது. எறங்கினா ஒரு மணி நேரத்துல சேலத்துல பெரிய ஆஸ்பத்திரிங்க. உள்ள ஆறு பேரு உங்களுக்காகக் காத்துட்டு இருக்காங்க. இப்ப என்ன பண்றீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த வலியிலும் முகம் மலர்ந்துவிட்டது. அவரிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதே இல்லை போலிருக்கிறது.

"நொம்ப நல்லா நடத்தறீங்க ரைட்டரே," என்றார்.

நான் பூரித்துப்போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், பூரித்துப்போனேன். இருபத்தாறு வருடத்தில் அவர் வாயிலிருந்து எனக்கு வந்த ஒரே பாராட்டு அது.

"ஆட்டத்த முடிச்சுப்போட்டு எறங்கறேனுங்க. மூணு மணிக்குள்ள முடிஞ்சுருமுங்க," என்றார். ஆடுகிறவர் சொன்னால் சொன்னதுதான். நான் சரிங்க என்றேன். ஜீப் டிரைவரிடம் மூன்று மணி வரை காத்திருக்கச் சொன்னேன். அந்த அளவுக்குப் பொறுப்பாக நடந்துகொண்டேன்.

ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, ஒரு பெண்ணைப் பார்த்துக் கேள்வியைத் தொடங்கியவர் அதை முடிக்காமல் மேசையில் தலையைச் சாய்த்தார். கதையில் அப்போது ஒரு ராஜா தூக்கத்தில் இருந்தான். ராஜாவை நடித்துக் காட்டுகிறார் என்று எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். அரை நிமிஷம் இருக்கும். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கினோம். பாதி வளைவு தாண்டுவதற்குள் என் கையில் இருந்த அவர் கை தளர்ந்துவிட்டது. அடிவாரம் வருவதற்கு முன்பே டிரைவர் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

இன்றைக்குக் காலையில் லாட்ஜ் சாப்பாட்டு அறையில் நினைவுக் கூட்டம் நடந்தது. அறுபது எழுபது பேர். படத்துக்கு மாலை, எதிரில் ஐந்து காப்பிக்கொட்டை. ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். பெங்களூர்க்காரர்களுக்குத் தலைவர் மாதிரி ஒரு தாடிக்காரர், நல்ல மனிதர், கண்கலங்கிச் சொன்னார்: மேசையில் அமர்ந்தபடி, அந்தக் கேள்வியைக் கேட்டபடி போனார், எத்தனை பேருக்கு இப்படி ஒரு சாவு கிடைக்கும் என்று. எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள்.

எனக்குக் களைப்பாக இருந்தது. மறைத்து வைத்தே களைத்துப் போயிருந்தேன். எழுந்து நின்று படிக்கட்டில் நடந்தது அத்தனையும் சொல்லிவிட்டேன். ஜீப் நின்றதை, எனக்குத் தெரிந்திருந்ததை, அவர் பாராட்டியதை, நான் பூரித்ததை. ஒன்றையும் விடவில்லை. திட்டுவார்கள் என்று நினைத்தேன். வெளியே போ என்றாலும் போகத் தயாராகத்தான் இருந்தேன்.

யாரும் திட்டவில்லை. தாடிக்காரர் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "சார், அவரோட கடைசி ஆட்டத்த நீங்க நடத்தியிருக்கீங்க. அவர் முடிவ அவரே எடுத்திருக்கார். இதைவிட அழகான முடிவு அவருக்கு இருக்க முடியாது. அவர் நினைவா நாங்க கொண்டுவரப் போற புத்தகத்தோட முதல் பக்கத்துல இதைப் போடறோம்," என்றார். பலரும் தலையாட்டினார்கள். தையல் அக்காகூட, "அவரு இஷ்டப்படி போனாருங்க, நீங்க வெசனப்படாதீங்க," என்றது.

கையை உதறிவிட்டேன். "அழகு என்னங்க அழகு. ஒரு மனுசன் நெஞ்சப் புடிச்சுட்டு உக்காந்திருக்காரு. நான் அவருகிட்ட வெளையாடிட்டு இருந்திருக்கேனுங்க. இதைப் போயி மொதப் பக்கத்துல போடுவீங்களா?"

யாரோ என் தோளைத் தொட்டு உட்காரச் சொன்னார்கள். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். வெளியூரிலிருந்து வந்தவர்களில் கறுப்புச் சட்டை போடாத ஒரே ஆள். சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இருதய வார்டு நர்ஸ் என்றும், டியூட்டி முடிந்து தோழிகளோடு இந்த ஆட்டம் ஆடுவதாகவும், இரவு வேலை முடித்துவிட்டு முதல் பஸ்ஸில் ஏறி வந்ததாகவும் சொன்னார்.

"எத்தன மணிக்குங்கண்ணா அவருக்கு வேர்த்திருந்துச்சு?"

"நான் பாக்கும்போது பத்தே காலுங்க."

"சாய்ஞ்சது?"

"ஒண்ணுக்குப் பத்து நிமிசம் இருந்துச்சுங்க."

அவர் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். "ரெண்டரை மணி நேரமுங்க," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "ஏத்தியிருக்கோணுமுங்கண்ணா. கேட்டிருக்கக் கூடாது. நெஞ்சு வலிக்கிறவங்ககிட்ட அதைக் கேக்கக் கூடாதுங்க."

"மேடம், ப்ளீஸ்," என்றார் தாடிக்காரர்.

"ஏத்தியிருந்தாப் பொழைச்சிருப்பாருங்களா?" என்று கேட்டேன்.

"தெரியாதுங்க. எங்க வார்டுக்கு நேரத்துல வந்தும் போயிடறவங்க இருக்காங்க. ஆனாப் பொழைக்கிறவங்கதான் ஜாஸ்திங்க." தாடிக்காரர் பக்கம் திரும்பினார். "மொதப் பக்கத்துல தாராளமாப் போடுங்க. ஏத்தியிருக்கோணுமுன்னும் சேத்துப் போடுங்க."

ஆறு வாரமாக எனக்குள் நான் மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததை இன்னொருவர் வாய் சொல்லிவிட்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அடக்கத்தின்போது வராத அழுகை, பதினாறாம் நாள் வராத அழுகை. வயது ஐம்பத்தெட்டு, இத்தனை பேர் முன்னால் மூக்கொழுக அழுகிறோமே என்ற வெட்கமும் இல்லை. அந்தப் பெண் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஆறுதலுக்குப் பிடித்தாரா, நாடி பார்த்தாரா தெரியவில்லை. கூட்டம் மெல்லக் கலைந்து பந்திக்குப் போயிற்று. நான் ஓய்கிற வரைக்கும் அந்தப் பெண் கையை விடவில்லை.

"காத்தால என்ன சாப்ட்டீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க."

"எந்திரிங்க. மூஞ்சியக் கழுவிட்டு வந்து சாப்பிடுங்க."

நான் எழுந்து முகம் கழுவப் போனேன்.